கதவை மூடியே வரைந்த வீடு

எங்கள் வீட்டு போட்டோ ஆல்பங்களைப் புரட்டினால், அமெரிக்காவில் ஒரு கட்டடம்கூட முழுசாகக் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால் யாராவது ஒரு சொந்தக்காரர் நிற்பார். பிலடெல்பியாவை என் மாமனார் மறைத்திருப்பார். கோட்டை வாசலில் நாத்தனார் குடும்பம். ஒரு போர்க்கப்பலையே சித்தப்பாவும் சித்தியும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள். கோடை வந்தால் ஊரிலிருந்து யாராவது வந்து இறங்குவார்கள். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு நாங்கள் குடியிருந்த பிஸ்கட்டவேயிலிருந்து காரில் கிளம்புவோம். போய் இறங்கியதும் என் வீட்டுக்காரர், "எல்லாரும் நில்லுங்க, நில்லுங்க" என்று கேமராவைத் தூக்குவார். ஆள் விழுந்தால் போதும், பின்னால் இருப்பது என்ன ஆனால் யாருக்கென்ன! அந்த எரிச்சலில்தான் நான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவருக்கு மருந்து கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு டிபென்டென்ட் விசா. வேலை பார்க்கக் கூடாது, சம்பாதிக்கக் கூடாது, சும்மா இருக்கலாம். சும்மா இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத ஒன்று. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் போய் பாட்டனி படித்தவள் நான். தண்டின் குறுக்குவெட்டு, இலையின் நரம்பு என்று பக்கம் பக்கமாக ரெக்கார்டு நோட்டில் வரைந்து வரைந்து கை பழகியிருந்தது. மகளை கிண்டர்கார்டனில் விட்டுவிட்டு, தபால் அட்டை அளவுக் காகிதமும் ஒரு பெட்டி வாட்டர்கலரும் வாங்கிக்கொண்டு பழைய கட்டடங்களைத் தேடிப் போக ஆரம்பித்தேன்.

நியூ ஜெர்சியில் அதற்குப் பஞ்சமே இல்லை. படைத்தலைவர் ஒருவர் ஒரு ராத்திரி படுத்து எழுந்த வீடு என்றால்கூட அதற்கு ஒரு போர்டு, ஒரு வேலி, ஒரு கமிட்டி. எங்கள் ஊர்ப் பக்கம் ஆயிரம் வருஷக் கோயில் தூணில் ட்யூப்லைட்டை ஆணி அடித்து மாட்டுவோம். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் வந்தது. போகப் போக அந்த அக்கறை பிடித்துவிட்டது. பழைய மில், கால்வாய்க் காவல்காரரின் வீடு, மரச் சர்ச், ஒரு குட்டி ஜெயில் என்று ஒவ்வொன்றாக எதிரில் உட்கார்ந்து வரைந்தேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட சட்டம் ரெண்டுதான். போட்டோ பார்த்து வரைவதில்லை, நேரில் கண்ணால் பார்த்ததைத்தான் வரைவது. படத்தில் ஆள் யாரும் கிடையாது.

இந்தச் சட்டத்தில் ஓட்டை போட்டவர் பிரிட்ஜ்வாட்டர் ஆன்ட்டி. பிரிட்ஜ்வாட்டர் ஊரில் நாங்கள் போகிற கோயில் பக்கத்தில் புது வீடு கட்டிக் குடிபோகிற சமயம், கிரகப்பிரவேசத்துக்கு என் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தார். கால்வாய் ஓரத்தில் இருந்த பழைய கல்வீடு ஒன்றை நவம்பரில் வரைந்து வைத்திருந்தேன். செங்காவிக் கல், பச்சைக் கதவு, முன்னால் பட்டை உரிந்த பெரிய சிக்கமோர் மரம். எனக்கே அது பெருமையான படம். ஆன்ட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"படம் சூப்பர்மா. ஆனா கதவு மூடியிருக்கே! புது வீட்ல மூடின கதவைப் போய் யாராவது மாட்டுவாங்களா? லட்சுமி எப்படி உள்ள வருவா? அப்புறம் இது என்ன, பட்ட மரம்?"

"பட்ட மரம் இல்ல ஆன்ட்டி. அது நவம்பர் மாசம்."

"எந்த மாசமா இருந்தா என்ன, நாலு இலை போட்டா குறைஞ்சா போயிடும்?"

வயசில் பெரியவர், ஆசையாகக் கேட்கிறார். புதிதாக ஒன்று வரைந்தேன். மரத்துக்கு இலை போட்டேன், கதவை அகலத் திறந்தேன், உள்ளே இருட்டாக இருந்தால் அதற்கும் ஏதாவது சொல்வார் என்று மஞ்சளில் ஒரு வெளிச்சமும் ஏற்றினேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால் நின்று, "எங்களுக்கும் ஒண்ணு" என்றார்கள். காசு வாங்க விசா இடம் கொடுக்காது. பதிலுக்கு முறுக்கு டப்பாவும் ரவிக்கைத் துணியும் வந்து குவிந்தன. நானும் எடிசன் ஊருக்கு ஒன்று, ஜெர்சி சிட்டிக்கு ஒன்று என்று வரைந்து தள்ளினேன். மில்லுக்குக் கதவு திறந்தது, சர்ச்சுக்குத் திறந்தது. கடைசியில் அந்தக் குட்டி ஜெயிலுக்கும் கதவைத் திறந்து வைத்துவிட்டேன்! அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "கைதியெல்லாம் ஓடிட்டானா கண்ணு?" என்று கேட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தக் கல்வீட்டைப் பராமரிக்க ஒரு கமிட்டி இருந்தது. வருஷா வருஷம் மே மாதத்தில், அந்த வீட்டை வரைந்த படங்களை யார் வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டலாம். பிடித்தால் ஒன்றை எடுத்து அந்த வீட்டுக்குள்ளேயே நிரந்தரமாக மாட்டுவார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. விசாவில் நான் இன்னாருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் இன்னாருடைய அம்மா. அந்தச் சுவரில் மட்டும் படத்தின் கீழ் மூலையில் என் பெயர் இருக்கும். அந்த வீடு நிற்கிற வரைக்கும் இருக்கும். எனக்கு அது வேண்டும். கௌரவமாகச் சொல்லத் தெரியவில்லை, வெறியோடு வேண்டும்.

முதல் வருஷம் என் கைவசம் இருந்ததிலேயே அழகான படத்தைக் கொண்டுபோனேன். எது? ஆன்ட்டிக்குக் கொடுத்ததைப் போலவே கதவு திறந்து, உள்ளே மஞ்சள் வெளிச்சம் வழிகிற படம்தான். சமையலறைக் கதவு வழியாக உள்ளே விட்டார்கள். கமிட்டியின் தலைவி எழுபதை ஒட்டிய அம்மாள். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, நிமிர்ந்த முதுகு. அந்த வீட்டைக் கட்டியவரின் வம்சத்தில் வந்தவர், வீட்டைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான் என்று சொன்னார்கள். எனக்கு அவர் கமிட்டி அம்மாள்.

படத்தைப் பார்த்ததும் அவர் முகம் சட்டென்று இறுகியது.

"இந்தக் கதவு திறக்காது" என்றார்.

"படத்தில்தானே" என்றேன், அசட்டுச் சிரிப்போடு.

"நீங்கள் இந்தக் கதவு வழியாக உள்ளே பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் இந்த மஞ்சள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது?"

என்ன பதில் சொல்ல? லட்சுமி கதையையா? அவர் படத்தைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கார் வரைக்கும் பொறுத்துக்கொண்டு வந்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். முக்கால்வாசி கோபம், கால்வாசி அவமானம்.

"உடு கண்ணு, இந்த ஊர்ல வேற ஊடே இல்லையாக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர் சாயந்திரம்.

"எனக்கு அந்த ஊடுதானுங்க வேணும்."

அவர் அதோடு விட்டுவிட்டார். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து சில விஷயங்களில் எனக்குத் தண்ணீர் தெளித்துவிட்டவர்.

கோபம் ஆறியதும் அந்த அம்மாள் கேட்டது சுருக்கென்று தைத்தது. ரெக்கார்டு நோட்டில் செடியில் இல்லாத ஒரு நரம்பைப் போட்டால் எங்கள் லேப் மேடம் பக்கத்தையே கிழித்துக் கையில் கொடுப்பார். போட்டோவில் ஆள் மறைக்கிறது என்று ஊரையெல்லாம் திட்டிவிட்டு, நான் மஞ்சள் பெயின்ட்டைக் கொண்டு மறைத்திருக்கிறேன். சரி, இனி அந்த வீட்டின் எதிரில் போய் உட்காருவது, இருப்பதை மட்டும் வரைவது, அடுத்த மே மாதம் திரும்பப் போய் அந்த அம்மாளின் எதிரில் நிற்பது என்று முடிவு செய்தேன்.

கோடையில் முயன்றால் சிக்கமோர் இலைகள் பாதி வீட்டை மூடிக்கொண்டன. வீட்டின் முகம் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் பனிக்காலம்தான் வழி, அந்தப் 'பட்ட மர'க் காலம்! ஜனவரியில் ரெண்டு ஸ்வெட்டர், அதன்மேல் வீட்டுக்காரரின் பழைய ஜாக்கெட், விரல் நுனி வெட்டிய கையுறை, பிளாஸ்கில் காபி என்று மடக்கு ஸ்டூலோடு போய் உட்கார்ந்தேன். காகிதத்தில் வானத்தை இழுத்து முடிக்கவில்லை, அது அப்படியே உறைந்து ஊசி ஊசியாக ஐஸ் பூத்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் உருகி, வானம் மொத்தமும் கல்வீட்டின் மேல் வழிந்து கிடந்தது.

லைப்ரரியில் தேடிப் படித்தேன். குளிரில் வரைகிறவர்கள் தண்ணீரில் வோட்கா கலப்பார்களாம், உறையாதாம். முட்டைகூடச் சேராத வீடு எங்களுடையது. நான் எங்கே போய் வோட்கா வாங்க! ஒரு வாரம் யோசித்தேன். அப்புறம் படமா மானமா என்று பார்த்தால் படம்தான் ஜெயித்தது. தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு மதுக்கடைக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட முதல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், எதிரே ரெண்டு கையிலும் பீர் பெட்டியோடு பிரிட்ஜ்வாட்டர் அங்கிள், ஆன்ட்டியின் வீட்டுக்காரர். கோயிலில் வாராவாரம் பிரசாதம் கொடுக்கிற கை அது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்திலும்தான்.

"என்னம்மா... கெஸ்ட் வர்றாங்களா?"

"இல்ல அங்கிள், பெயின்ட்டிங்குக்கு."

"ஓ. எனக்கும்... கெஸ்ட்டுக்குத்தான்."

ரெண்டு பேரும் அதை அங்கேயே விட்டுவிடுவோம் என்று நம்பினேன். மனுஷர் தன் பெட்டியை மறைத்துவிட்டு என் பாட்டிலை மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறார்! மறுநாளே ஆன்ட்டி போன் செய்தார். "ஏம்மா, வீட்ல எல்லாம் நல்லபடியாத்தானே இருக்கு? எதுவா இருந்தாலும் மனசுல வெச்சுக்காத. என்கிட்ட ஷேர் பண்ணு." வோட்கா தண்ணீருக்கு, தண்ணீர் கலருக்கு, கலர் காகிதத்துக்கு என்று எவ்வளவோ விளக்கினேன். "சரிம்மா, சரிம்மா" என்றார், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொல்கிற குரலில்.

ஆனால் வேலை நடந்தது. கலர் உறையவில்லை. பனி பெய்த நாளெல்லாம் போய் உட்கார்ந்தேன். அப்படித்தான் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் பழக்கமானார். ரிட்டயரான ஸ்கூல் வாத்தியார், மனைவி இறந்து தனியாக இருந்தவர். பனி பெய்தால் மண்வாரியோடு வந்து வீட்டுக்குப் போகிற பாதையைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். என் ஸ்டூலுக்கும் ஒரு சதுரம் வாரிக் கொடுப்பார். பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் வீட்டுக்கே கொடுத்துவிடுவதா, மனுஷனுக்கு ஒன்றும் கிடையாதா?" என்றார். காபி ஊற்றிக் கொடுத்தேன். டிகிரி காபியின் கசப்பில் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். அடுத்த தடவை சொந்தக் கோப்பையோடு வந்தார்.

ஒருநாள் கேட்டேன். "சமையலறைக் கதவு வரைக்கும்தான் பனியை வாருகிறீர்கள். முன்வாசலுக்கு ஏன் பாதை போடுவதில்லை?"

"அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள்" என்றார். "இந்தக் குடும்பத்தில் பழைய வழக்கம். முன்கதவு திறந்தால் ஒன்று கல்யாணம், இல்லை சாவு. மணப்பெண் அது வழியாக வெளியே வருவாள். சவப்பெட்டியும் அது வழியாகத்தான் வரும். மற்றபடி எல்லாரும் சமையலறை வழிதான். கடைசியாக அதைத் திறந்தது, கமிட்டித் தலைவி இருக்கிறாளே, அவளுடைய கணவரை வெளியே கொண்டுவந்தபோது. அதன்பிறகு பெயின்ட் அடித்தோம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த பிளவெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது." கொஞ்ச நேரம் பனியை வாரினார். "மே மாதம் உன் படத்தை அவள் பார்த்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன்."

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். ஐயோ, அந்த அம்மாளின் கண்ணுக்கு முன்னால் நான் எதைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன்! நாங்கள் லட்சுமி வரட்டும் என்று திறந்துவைத்த கதவு வழியாக அவர் தன் கணவரின் பெட்டி போவதைப் பார்த்திருக்கிறார். பிரிட்ஜ்வாட்டர் ஆன்ட்டியின் புது வீட்டுக் கூடத்தில், பூஜை அறைக்கு எதிர்ச் சுவரில் அந்தப் படம் தொங்குகிறது என்ற நினைப்பு வேறு வந்தது. அதை நான் இன்றுவரை ஆன்ட்டியிடம் சொல்லவில்லை.

"பாவம் அந்தம்மா, இத்தோட உட்டுரு" என்றார் என் வீட்டுக்காரர். விட எனக்கு மனசு வரவில்லை. தப்பாகக் காட்டியதை ஒழுங்காகக் காட்ட வேண்டாமா? இனி அந்தச் சுவர் எனக்கு எவ்வளவு வேண்டுமோ, அந்த அம்மாள் ஒருமுறை "சரி" என்று சொல்வதும் அவ்வளவு வேண்டும்.

அந்தக் கதவை நான் படித்தேன், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. தூரத்தில் பச்சை. கிட்டப் போனால் பாசிப் பச்சை, அதற்கடியில் கருநீலம், பிளவை அடைத்த பெயின்ட் கெட்டியாக மினுங்குகிற இடம், தாழ்ப்பாளிலிருந்து வழிந்த துரு. முன்னால் படிக்கல். அதன்மேல் யார் காலும் படாத பனி. வாட்டர்கலரில் வெள்ளை என்று ஒரு கலர் கிடையாது, காகிதத்தைத் தொடாமல் விட்டால் அதுதான் வெள்ளை. எனக்கோ கை சும்மா இருக்காது. அந்தப் படிக்கல்லின் பனியில் ஒரு சாம்பல், ஒரு ஊதா என்று எதையாவது தொட்டுத் தொட்டு எத்தனையோ தாளைப் பாழாக்கினேன். பிப்ரவரி முடிகிற சமயத்தில் ஒருநாள், பனி இருக்க வேண்டிய இடத்தில் என் கை நின்றது. அன்றைக்குப் படம் முடிந்தது.

மே மாதம் அதே சமையலறைக் கதவு, அதே அம்மாள். படத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் பார்க்கிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு விரலைக் காகிதத்துக்கு மேலே நிறுத்தி, தொடாமல், படிக்கல்லைக் காட்டினார்.

"இந்தப் பனியை எப்படி வரைந்தீர்கள்?"

"நான் வரையவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். கூட இருந்த ரெண்டு பேரிடம் ஏதோ சொன்னார். திரும்பி என்னிடம், "முன் ஹாலில் மாட்டுவோம். கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில்" என்றார். எனக்கு இங்கிலீஷும் மறந்தது, தமிழும் மறந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாட்டுகிற அன்றைக்கு வீட்டுக்காரர், மகள், பிரிட்ஜ்வாட்டர் ஆன்ட்டி, அங்கிள் எல்லாரும் வந்தார்கள். அங்கிள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. ஆன்ட்டி காதருகே வந்து, "இங்கயும் கதவை மூடியே வெச்சுட்டியேம்மா" என்று ஆதங்கப்பட்டார். மகள், "Amma, can we go now?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கி, "எல்லாரும் நில்லுங்க, நில்லுங்க" என்றார். பிரின்ட் போட்டு வந்த போட்டோவில் நாங்கள் அத்தனை பேரும் பளிச்சென்று இருக்கிறோம். என் படத்தின் ஒரு மூலைகூடத் தெரியவில்லை!

கிளம்பும்போது கமிட்டி அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பெயின்ட் பெட்டியோடு வர முடியுமா? முன்கதவைத் திறக்கப் போகிறோம்."

எனக்குத் திக்கென்றது. "யாருக்கு... என்ன?" என்று தடுமாறினேன்.

அவர் கண்ணால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். சிவப்புத் தொப்பிக்காரர் புல்வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "எனக்குத்தான். அவரோடு" என்றார் அந்த அம்மாள். அப்போதுதான் அவர் சிரித்து முதல்முறையாகப் பார்த்தேன்.

காரில் விஷயத்தைச் சொன்னதும் ஆன்ட்டி, "இந்த வயசுலயா!" என்று வாயைப் பிளந்தார். பிஸ்கட்டவே வருவதற்குள், "சரி, கிஃப்ட்டு என்ன வாங்கலாம்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் என் பழைய இடத்திலேயே ஸ்டூலைப் போட்டேன். வோட்கா தேவைப்படவில்லை. சிக்கமோர் இலைகள் பாதி வீட்டை மூடியிருந்தன, கதவு தெரிந்தது, அது போதும். ரெண்டு பேர் கத்தியால் பிளவைச் சுற்றிப் பெயின்ட்டைக் கீறினார்கள். தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். அது அசையவே இல்லை. அப்புறம் வீடே முனகுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு திறந்துகொண்டது.

உள்ளே மஞ்சள் வெளிச்சம் இல்லை. சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு ஹால், தரையில் பின்பக்க ஜன்னல் வழியாக விழுந்த பச்சை நிழல். ஹாலின் கடைசியில், கதவுக்கு நேர் எதிரே, கட்டைவிரல் நகம் அளவுக்கு என் படம். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு மிகச் சின்ன பிரஷ்ஷை எடுத்தேன்.

அதற்குள் மணப்பெண் வாசலுக்கு வந்துவிட்டார். வெளிர்நீல கவுன், கையில் தோட்டத்துப் பூக்கள். பக்கத்தில் தொப்பி இல்லாமல் அவர். விருந்தினர்கள் கைதட்டினார்கள். அந்த அம்மாள் படிக்கல்லில் நின்று, தெருப் பக்கம் பார்த்து, சத்தமாகக் கேட்டார்.

"நான் மறைக்கிறேனா?"

வேறு யாராக இருந்தாலும் மணப்பெண்ணிடம் இல்லை, இல்லை என்றிருப்பார்கள். நான் பிரஷ்ஷாலேயே சைகை காட்டினேன். "ஆமாம். கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நில்லுங்கள், என் படம் தெரியவில்லை!"

அவர் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தார். நான் அவர்கள் ரெண்டு பேரையும் வரைந்தேன், திறந்த கதவை வரைந்தேன், உள்ளே மூடிய கதவோடு இருந்த என் படத்தையும் அதன் இடத்தில் வரைந்தேன். என் படத்தில் ஆட்கள் நிற்பது அதுதான் முதல் தடவை, அவர்கள் எதையும் மறைக்கவில்லை.